பாரிமுனையில் இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கு

தாம்பரத்திலும் ஓசூரிலும் கோவையிலும் திருச்சியிலும் இருக்கிற என் பெரியப்பா, சித்தப்பா, அத்தை மக்களுக்கும், அவர்களைப் போலவே வடசென்னையில் வளர்ந்து வேறு பக்கம் குடிபோன எல்லாக் குடும்பங்களுக்கும்,

வணக்கம்.

மே மாதம் எங்கே கூடுவது என்று குடும்பக் குழுவில் ஒரு வாக்கெடுப்பு வைத்தீர்கள். ஏற்காடு, ஏலகிரி, கொடைக்கானல் என்று மூன்று ஊர்கள். நான் எதற்கும் வாக்களிக்கவில்லை. அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா, கையில் பணம் இல்லையா என்று இரண்டு பேர் என் மனைவியிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறீர்கள். உடம்புக்கும் ஒன்றுமில்லை, பணத்துக்கும் பஞ்சமில்லை. நான் சொல்ல நினைத்த ஊர் உங்கள் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். அதைக் குழுவில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். ஊரறிய எழுதினால் வெட்கத்துக்காவது பதில் வரும் என்றுதான் இந்த மடல்.

அந்த ஊர் பழைய வண்ணாரப்பேட்டை.

சிரிக்க வேண்டாம். தாத்தா வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். ஊரில் இருந்த கொஞ்ச நிலமும் அத்தைகளின் கல்யாணங்களில் கரைந்துவிட்டது. அங்கே நமக்கு இப்போது மிச்சம் இருப்பது குலதெய்வம் மட்டும்தான். அப்படியிருக்க, ‘லீவுக்குச் சொந்த ஊருக்குப் போகிறோம்’ என்று உங்கள் பிள்ளைகள் சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டுமென்றால், அது எதுவாக இருக்க முடியும்? ஓசூர் அடுக்ககத்தின் ஏழாவது மாடியா?

பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். 2002 நவம்பரில் கோயம்பேடு பஸ் நிலையம் திறக்கும் வரை வெளியூர் பஸ்கள் பாரிமுனையில்தான் வந்து நின்றன. விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு பலாப்பழத்தோடும் இரண்டு குழந்தைகளோடும் அங்கே இறங்குகிற குடும்பம் வேறு எங்கே போகும்? சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தால் கொஞ்ச நேரத்தில் நம் வீடு. முன்கூட்டியே கடிதம் போட்டவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் ஆள் முதலில் வருவார், கடிதம் மறுநாள் வரும். ஸ்டான்லி மருத்துவமனையில் காட்ட வந்தவர்கள், உயர் நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு வந்தவர்கள், எம்.சி. ரோட்டில் கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள், கொத்தவால்சாவடியில் மொத்தமாகக் காய்கறி வாங்க வந்தவர்கள், வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று ஒரு சட்டையோடு வந்து நான்கு மாதம் தங்கியவர்கள். உங்கள் அப்பாக்களில் இரண்டு பேர் இந்தக் கடைசி வகை. பெயர் சொல்ல மாட்டேன்.

கொத்தவால்சாவடி 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. ஆறு ஆண்டு கழித்து பஸ் நிலையமும் அதன் பின்னாலேயே போனது. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். தெற்கே போகிற பஸ்களுக்கு இப்போது அதுதான் வாசல், நம் தெருவிலிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல். நகரம் பெருத்துவிட்ட பிறகு வேறு வழி இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பஸ் நிலையம் ஒவ்வொரு முறை இடம் மாறியபோதும் நம் வீட்டுக் கதவு தட்டப்படாத நாட்கள் கூடிக்கொண்டே போயின. ‘இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று’ என்ற வாக்கியத்தை எங்கள் வாசலில் கேட்டுப் பல வருடம் ஆகிறது. இந்தப் பக்கம் யாருக்கும் வேலையே இல்லை.

யாரும் வரவில்லை என்றால் நாம் போவோம் என்று போன வருடம் கிளம்பினோம். மச்சானின் பழைய காரை இரவல் வாங்கி, நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அதிகாலை மூன்றரைக்கு வண்ணாரப்பேட்டை, விடியும்போது வாலாஜாபேட்டை, பதினொரு மணிக்கு ஓசூர். அங்கிருந்து தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி சேலம், கோவை. பிறகு திருச்சி. திரும்பும்போது விழுப்புரம், திண்டிவனம், தாம்பரம். ஏழு இரவு, நான்கு வீடு.

நான்கு வீட்டிலும் அன்புக்குக் குறைவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஓசூரில் காரிலிருந்து இறங்கி இடுப்பை நிமிர்த்துவதற்குள், ‘பக்கத்திலேயே நல்ல லாட்ஜ் அண்ணா, ஏ.சி. ரூம் போட்டுவிட்டேன்’ என்று தம்பி சாவியை நீட்டினான். திருச்சியிலும் ரூம். தாம்பரத்தில் அடுக்ககத்தின் விருந்தினர் அறை, அதுவும் ரூம்தான். ஏழு இரவில் ஐந்து இரவை யாரோ முன்பின் தெரியாதவர் படுத்து எழுந்த கட்டிலில் கழித்தோம். காலை ஒன்பது மணிக்குக் குளித்து, தலை சீவி, மாமா வீட்டுக்கு ‘வருகை’ தந்தோம். இரவு ஒன்பதரைக்கு விடைபெற்றோம். என் மகளும் ஓசூர்த் தம்பியின் மகளும் ஒரே வயது. இரண்டு நாளில் அவர்கள் ஒருமுறைகூடச் சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. சண்டை போடுகிற அளவுக்கு அவர்களுக்குப் பழக்கமே ஏற்படவில்லை.

கோவை மட்டும் வேறு மாதிரி. அங்கேயும் ரூம் பேசித்தான் வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் பெய்த மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர், மின்சாரமும் போய்விட்டது. வேறு வழியின்றி அத்தை வீட்டுக் கூடத்தில் ஒன்பது பேர் வரிசையாகப் படுத்தோம். இருட்டில் பேச்சு எங்கெங்கோ போய், 1988 கோடை விடுமுறைக்கு வந்தது. அந்த வருடம் அத்தை மகன் நம் வீட்டுக்கு வந்தவன் பள்ளி திறந்த பிறகும் ஊருக்குப் போகவில்லை. ஜன்னலோரம் என் இடத்தில் படுத்துக்கொண்டான் என்று எனக்கு அவன் மேல் கோபம். இப்போது 50 வயதைத் தாண்டிய அந்த ஆள், இருட்டில் கூரையைப் பார்த்தபடி சொல்கிறான்: அவன் பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறவில்லையாம். அப்பாவின் அடிக்குப் பயந்து ஊருக்குப் போகமாட்டேன் என்று அழுதிருக்கிறான். என் அம்மா அவன் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார், ‘எனக்குக் கால் வலி, கடைகண்ணிக்குப் போக ஆள் இல்லை, பையன் நான்கு மாதம் இருக்கட்டும்’ என்று. பின்தெரு ஆசிரியர் ஒருவரிடம் ராத்திரியில் கணக்குக்கு அனுப்பி, மறுதேர்வு எழுத வைத்துத்தான் ஊருக்கு அனுப்பியிருக்கிறார். எங்கள் யாருக்கும் தெரியாது. என் அப்பாவுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அம்மா நொண்டி நொண்டி நடந்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. பாவம், பொய்க்காக நடந்திருக்கிறார்!

முப்பது வருடத்துக்கு மேல் எத்தனையோ கல்யாண மண்டபங்களில் அவனும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒருமுறைகூட இது பேச்சில் வரவில்லை. விளக்கு அணைந்து, யார் முகமும் தெரியாமல், தூக்கம் வராமல் படுத்திருந்தபோது வந்தது. லாட்ஜுக்குப் போயிருந்தால் என் அம்மாவைப் பற்றிய இந்த ஒரு செய்தி எனக்குக் கிடைக்காமலே போயிருக்கும்.

உங்களை மட்டும் குற்றம் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அம்மா போன பிறகு நம் வீட்டில் நானும் சில காரியங்கள் செய்தேன். உள்ளறையில் ஏ.சி. வைத்தேன், கூடத்தில் ஒரு பெரிய சோபா வாங்கிப் போட்டேன். சோபா வந்த அன்றே இரண்டு பேர் படுக்கிற இடம் போயிற்று. ஒருமுறை தாம்பரத்துச் சித்தப்பா ராத்திரி எட்டு மணிக்கு வந்து, சோபாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘கடைசி ரயிலுக்குள் கிளம்புகிறேன்’ என்றார். நான் தடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது என் மனைவி எழுதச் சொன்னது. அந்தக் காலத்து விருந்தோம்பலைப் பற்றிப் பெருமூச்சு விடுகிற எல்லோரும் ஆண்களாகவே இருக்கிறார்கள் என்கிறார். பதினான்கு பேருக்கு ஒரு மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்த அத்தையிடம், அதாவது என் அம்மாவிடம், யாராவது ‘உனக்குப் பிடித்திருக்கிறதா’ என்று கேட்டீர்களா என்கிறார். நாம் கேட்கவில்லை. ஆகவே அவருடைய நிபந்தனை: வருகிறவர்கள் விருந்தாளியாக வரக் கூடாது. காலை இட்லி தெருமுனைக் கடையில். மதியச் சமையல் ஆண்கள் பொறுப்பு, மீன் ஆய்வது உட்பட. ஒரு நாள் இரவு கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் போய், பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் மக்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும். பாத்திரம் கழுவ ஆள் முறை எழுதி ஒட்டப்படும்.

மீன் என்றதும் வஞ்சிரம் என்று கனவு காணாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். கரையோரம் போகிற பைபர் படகுகள் கொண்டுவருகிற காரப்பொடியும் நெத்திலியும் கிடைக்கும். குழம்புக்கு அது போதும், ருசியும் அதில்தான். படகுகளுக்கு வண்ணம் அடிப்பதையும் வலை பழுதுபார்ப்பதையும் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்க இந்த இரண்டு மாதத்தை விட்டால் நேரம் கிடையாது.

‘வடசென்னையில் பார்க்க என்னதான் இருக்கிறது’ என்று கோவையில் ஒரு மருமகன் கேட்டான். நல்ல பையன், தெரியாமல் கேட்டான். ஓசூர்க்காரர்கள் காரில் வரும்போது வாலாஜாபேட்டையைத் தாண்டுவீர்கள் அல்லவா? 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குத்தான் போனது. புறப்பட்ட இடம் ராயபுரம். அந்தக் கட்டடம் தூண்களோடு இன்னும் நிற்கிறது. நம் வீட்டிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவும் ராயபுரத்தில்தான். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் அரை மணி நேரம் நிழலில் உட்காரலாம்.

கார் ஆசை தீராதவர்களுக்கு ஒரு நாள் பழவேற்காடு. மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனால் ஐம்பது, அறுபது கிலோமீட்டர். டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கோட்டை கட்டினார்கள். கோட்டை அழிந்துவிட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஏரி வெயிலில் தகரம் போல மின்னும். கொடைக்கானல் குளிர் இருக்காது. ஆனால் கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். நம் தெருவுக்கு அது தேவையில்லை.

கத்திரி வெயில், கொசு, எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள், அவற்றின் தூசி. எல்லாம் இருக்கிறது. மறைக்கவில்லை. மாலையில் கடல் காற்று வந்துவிட்டால் மொட்டை மாடியில் ஏ.சி. நினைவே வராது. காற்று வராத நாளும் உண்டு. அன்று எல்லோரும் விசிறிக்கொண்டே பேசுவோம்.

‘தூரம்’ என்று சொல்லப்போகிறவர்களுக்கு ஒரு செய்தி. எனக்கு ஒரு கேரம் நண்பன். அவனுக்கு இந்தப் பகுதியை விட்டுப் போக விருப்பமில்லை. குடிசைகளை அகற்றி மறுகுடியமர்த்தியபோது நகரின் தென்கோடியில் இருக்கிற பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவன். மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் பஸ் மாறி பஸ் மாறி வருகிறான். நான்கு ஆட்டம் ஆடி, மூன்றில் என்னைத் தோற்கடித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறான். உங்கள் எல்லோர் வீட்டிலும் கார் இருக்கிறது.

மே மூன்றாவது வாரம், வெள்ளி சாயங்காலம் வந்து திங்கள் காலை போகலாம். விமானத்தில் வருகிற சீமான்கள் யாராவது இருந்தால், விமான நிலையத்தில் விம்கோ நகர் மெட்ரோவில் ஏறுங்கள், மாறாமல் வண்ணாரப்பேட்டையில் இறங்கலாம். கிளாம்பாக்கத்தில் இறங்குகிறவர்கள் வண்டலூர் போய் மின்சார ரயில் பிடித்தால் கடற்கரை நிலையம் வரை வரலாம். அங்கே நானே நிற்பேன். கார்களை அடுத்த தெருப் பள்ளி மைதானத்தில் நிறுத்த வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சோபாவை எதிர்வீட்டு மாடிக்கு ஏற்றியாகிவிட்டது. அவர்கள் திருப்பித் தருவார்களா என்பது வேறு விஷயம். கோரைப்பாய் ஒன்பது புதிதாக வாங்கியிருக்கிறேன், பழையது நான்கு இருக்கிறது. தலையணைதான் ஆறுக்கு மேல் இல்லை. வரும்போது ஆளுக்கொன்று கொண்டுவாருங்கள்.

ஜன்னலோர இடம் எனக்கு.

இப்படிக்கு,
உங்கள் வண்ணாரப்பேட்டை அண்ணன்