அக்காவுக்கு, நாலு மாசம் கழிச்சு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டர் வந்து இன்னியோட பதினோரு நாள் ஆச்சு. தினம் ராத்திரி எடுத்து படிக்கறேன், நாளைக்கு பதில் எழுதலாம்னு மடிச்சு வச்சிடறேன். செப்டம்பர் கடைசில போன்ல பேசினதுக்கு அப்புறம் நான் உனக்கு ஒழுங்கா ஒரு பக்கம் எழுதினதே இல்ல, "நல்லா இருக்கேன், வேலை அதிகம்"னு ஒரே மெசேஜத்தான் திருப்பி திருப்பி அனுப்பிட்டு இருந்தேன். நீ அதப் பத்தி ஒரு வார்த்த கேக்காம உன் பொண்ணு பெரியவளோட புக்கு விஷயத்த மட்டும் ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்க. திட்டியிருந்தா கூட தேவலாம்னு இருந்துச்சு. மன்னிச்சிடுக்கா.

உடம்பு நல்லா இருக்கு. குளிர்தான் இந்த வருஷம் ஜாஸ்தி. போன வாரம் மைனஸ் 22 வரைக்கும் போயிடுச்சு. பஸ்ஸுக்கு பத்து நிமிஷம் நின்னா மூச்சுக் காத்துல வர்ற ஈரம் கண் இமையில போய் உறைஞ்சிடுது, கண்ண சிமிட்டினா ரெண்டு இமையும் லேசா ஒட்டிட்டு விடும். மொத தடவ பயந்துட்டேன், இப்ப பழகிடுச்சு. லைப்ரரிக்குள்ள போனதும் கண்ணாடி முழுக்க வெள்ளையா ஆவி பிடிச்சு ஒண்ணுமே தெரியாது, அப்படியே கதவோரமா நின்னு தொடச்சுக்கணும். வேலையில நேரத்த கொஞ்சம் கொறச்சிருக்காங்க, அதனால சாயந்திரம் நெறய நேரம் கெடைக்குது, நல்லதுதான். லைப்ரரி மூடற வரைக்கும் அங்கயே உக்காந்துடறேன். ஹீட்டர் அங்க நல்லா வேலை செய்யும், வீட்ட விட சௌகரியம்.

நான் ஏற்கனவே சொன்னேனே, எதிர் கதவு பாட்டி, அவங்களாலதான் இந்த லெட்டரே எழுத முடியுது. எழுபது தாண்டினவங்க, படிக்கறது எல்லாம் பள்ளிக்கூட பசங்களுக்கு வர்ற நாவல்தான். வேற எதையும் தொட மாட்டாங்க. படிச்சு முடிச்சதும் புக்க என் கதவுக்கு வெளிய வச்சு பெல்ல அடிச்சிட்டு நான் தெறக்கறதுக்குள்ள போய் கதவ சாத்திக்கறாங்க. உள்ள கூப்பிட்டா வர மாட்டாங்க, தாங்க்ஸ் சொன்னா கைய மட்டும் ஆட்டறாங்க. புக்குக்குள்ள ஒரு எழுத்து எழுதியிருக்காது, ஆனா அங்கங்க ஓரத்துல பென்சில்ல ஒரு சின்ன வட்டம் இருக்கும். ரொம்ப நாள் எனக்கு அது என்னன்னே புரியல. ஒரு நாள் படிக்கட்டுல பாத்து கேட்டேன். அழுத எடம்னு சொல்லிட்டு போயிட்டாங்க.

இப்ப உன் விஷயத்துக்கு வரேன். மாமா பெரியவ கையில இருந்து புடுங்கி பீரோ மேல வச்சாரே, கறுப்பு அட்டையில ரெண்டு கை ஒரு செவப்பு ஆப்பிள ஏந்திட்டு இருக்கும்னு எழுதியிருந்தியே, அது ட்வைலைட். ஸ்டெஃபனி மேயர்னு ஒருத்தங்க எழுதி 2005ல வந்தது. இதெல்லாம் 14 வயசு பொண்ணு படிக்கலாமா, நீ படிச்சிருப்பியே, உள்ளத சொல்லுன்னு கேட்டிருக்க. மழுப்பாம சொல்றேன்.

எனக்கு அந்த புக்கு மேல ஒரு பெரிய கோபம் இருக்கு. அதுல வர்ற பையன் ரத்தக்காட்டேரிங்கறது இல்ல என் பிரச்சன, அது கதைதான. அவன் காதலிக்கற பொண்ணு தூங்கறப்போ அவளுக்குத் தெரியாம ராத்திரி ரூமுக்குள்ள வந்து நின்னு பாத்துட்டு இருக்கான், அத அவளும் காதல்னு எடுத்துக்கறா, புக்கும் அப்படியே காட்டுது. நிஜத்துல ஒருத்தன் அப்படி செஞ்சா பயப்படணும், கதவ தாழ் போடணும், வீட்டுல சொல்லணும். இத பெரியவகிட்ட நீயே உக்காந்து பேசுக்கா, மாமாவ அனுப்பாத. புக்க மறச்சு வச்சா அவ ஃப்ரெண்டுகிட்ட வாங்கி படிப்பா, அப்ப பக்கத்துல இருந்து "இது தப்புடி"ன்னு சொல்ல யாரும் இருக்க மாட்டாங்க. பீரோ மேல இருந்து எடுத்து குடுத்துடு.

ஆனா அந்த வரிசையில ரெண்டாவது புக்கு நியூ மூன்ல ஒரு எடம் இருக்கு. அந்தப் பையன் அவள விட்டுட்டு போயிடறான். அதுக்கப்புறம் பக்கத்த திருப்பினா நடுவுல அக்டோபர்னு மட்டும் இருக்கு, மத்தபடி வெறும் காயிதம். அடுத்த பக்கம் நவம்பர். அடுத்தது டிசம்பர், ஜனவரி. அவ்வளவுதான், ஒரு வரி கதை கிடையாது. லைப்ரரில உக்காந்து அந்த நாலு பக்கத்த நான் எவ்வளவு நேரம் பாத்துட்டு இருந்தேன்னு தெரியல. எனக்கு யாரும் விட்டுட்டு போகல, நான்தான் எல்லாரையும் விட்டுட்டு வந்தேன், ஆனா உனக்கு நான் எழுதாம விட்டதும் சரியா அந்த நாலு மாசம்தான். கவலப்படாத. குளிர்காலத்துல இங்க எல்லாரும் இப்படித்தான்னு சொல்றாங்க, சாயந்திரம் நாலரைக்கே இருட்டிடுது, அதனாலயும் இருக்கும்.

பெரியவ அடுத்து கேட்டிருக்கற ஹங்கர் கேம்ஸ தாராளமா குடு. சூசன் காலின்ஸ் எழுதினது, 2008ல வந்துச்சு. பசங்க ஒருத்தர ஒருத்தர் கொல்ற கதைன்னு மாமாகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க, கொல்றதும் இருக்கு, ஆனா அத வேடிக்கையா காட்டல. டிவில ஒரு பக்கம் போட்டி நிகழ்ச்சியும் இன்னொரு பக்கம் ஈராக் யுத்தமும் மாத்தி மாத்தி பாத்தப்போதான் அந்தம்மாவுக்கு இந்தக் கதை தோணுச்சாம், அவங்க அப்பா வியட்நாம் போருக்கு போயிட்டு வந்தவர். என்னப் பொறுத்தவரை அது பசியப் பத்தின கதை. 12 மாவட்டம், ஒவ்வொண்ணுல இருந்தும் வருஷத்துக்கு ஒரு பையன் ஒரு பொண்ண சீட்டு குலுக்கி எடுக்கறாங்க, 24 பேர்ல ஒருத்தர்தான் உயிரோட திரும்பலாம். அதுல ஒரு விதி இருக்குக்கா. ஏழப்பட்ட பசங்க தன் பேர கூட ஒரு தடவ சீட்டுல போட்டுக்கிட்டா வீட்டுல ஒருத்தருக்கு ஒரு வருஷத்துக்கு கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கெடைக்கும். காட்னிஸ்ங்கற பொண்ணு அம்மாவுக்கு, தங்கச்சிக்கு, தனக்குன்னு வருஷா வருஷம் போட்டு 16 வயசுல அவ பேர் 20 சீட்டுல இருக்கு. தங்கச்சி பேர் ஒரே ஒரு சீட்டுல. வந்தது அந்த ஒண்ணு. உடனே அக்காக்காரி நான் போறேன்னு முன்னால வந்து நிக்கறா. அந்த ஆரம்பப் பக்கங்கள்லயே, வீட்டுல இருக்கற மூத்த பிள்ளைங்க எல்லாம் எத அடகு வச்சு வீட்ட ஓட்டறாங்கன்னு அந்தம்மா சொல்லி முடிச்சிட்டாங்க. பாக்கி எல்லாம் அதோட நீட்சிதான். படத்துல அவ ரெண்டு பையன்ல யார கட்டிக்குவாங்கற மாதிரி பேசிக்கறாங்க, புக்குல அது அவ்வளவு முக்கியமே கிடையாது. மூணாவது புக்குல ஒரு சாவு வரும், அத பெரியவ படிக்கறப்போ நீ வீட்டுல இரு.

டைவர்ஜென்ட் வேணும்னா மொத பாகத்தோட நிறுத்தட்டும். மொத புக்கு ஓடும், கீழ வைக்க விடாது. மூணாவதுல ரெண்டு பேர் மாத்தி மாத்தி கதை சொல்றாங்க, யார் பேசறாங்கன்னு தலைப்ப பாத்தாத்தான் தெரியுது, ரெண்டும் ஒரே குரல்.

தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ் பத்தி எனக்கு ரெண்டு மனசு. ஜான் க்ரீன், 2012. கேன்சர் வந்த ரெண்டு பசங்களோட காதல். அந்த வயசுப் பசங்க அவ்வளவு அழகழகா, தத்துவமா பேசுவாங்களான்னு எனக்கு எரிச்சலாவே இருந்துச்சு. ஆனா அந்தப் பொண்ணோட அம்மா இருக்காங்களே, பொண்ணு செத்துடுவான்னு ஒரு நாள் ஆஸ்பத்திரில நெனச்சப்போ, இனிமே நான் அம்மாவா இருக்க மாட்டேனேன்னு புருஷன்கிட்ட சொல்லி அழறத அந்தப் பொண்ணு கேட்டுடறா. அவ மனசுல அதுதான் தங்கிடுது, நோவ விட அதுதான் வலிக்குது. பாட்டியோட வட்டம் அந்தப் பக்கத்துலதான் இருந்துச்சு, காதல் வர்ற எடத்துல ஒண்ணு கூட இல்ல.

சின்னவன் எழுத்து எல்லாம் ஆடுதுன்னு சொல்றான், மிஸ் அவன வகுப்புல நிக்க வச்சாங்கன்னு எழுதியிருந்த. அதப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. அவன சோம்பேறின்னு யாரும் சொல்ல விடாத. டிஸ்லெக்சியாவான்னு, அதான் எழுத்து கூட்டிப் படிக்க சிரமப்படற பிரச்சனையான்னு, முறையா ஒரு தடவ பாத்துடு. பெர்சி ஜாக்சன்னு ஒரு வரிசை இருக்கு, மொத புக்கு 2005. ரிக் ரியோர்டன்னு ஒரு வாத்தியார், அவர் பையனுக்கு இதே பிரச்சன இருந்துச்சு, ராத்திரி தூங்க வைக்க அவனுக்காக சொன்ன கதையத்தான் அப்புறம் புக்கா எழுதினார். அதுல ஹீரோ பையனுக்கு 12 வயசு, எழுத்து எல்லாம் பக்கத்துல மெதக்கும், எல்லா ஸ்கூல்ல இருந்தும் தொரத்துவாங்க. அப்புறம் பாத்தா அவன் மூள பழைய கிரேக்க எழுத்துக்குன்னே அமைஞ்சதுன்னு தெரிய வரும். சின்னவனுக்கு நீ சத்தமா படிச்சு காட்டு, அவனையே படிக்கச் சொல்லி படுத்தாத. தி புக் தீஃப்ங்கற நாவல்ல வர்ற வளர்ப்பு அப்பா, படிக்கத் தெரியாத பொண்ணுக்கு உப்புத்தாள் பின்னாடி எழுத்து எழுதி காட்டுவார், அப்புறம் நிலவறைச் சுவர்லயே பெயின்ட்ல வார்த்தை வார்த்தையா எழுத வைப்பார். மாமாவுக்கு அந்தப் பொறுமை இருக்கு. மொட்டமாடி சுவர் சும்மாதான கெடக்கு.

இப்ப நான் உனக்குன்னு ஒரு புக்கு சொல்லணும். பெரியவளுக்கு இல்ல, உனக்கு. தி அவுட்சைடர்ஸ். 1967ல வந்தது, இந்த மாதிரி புக்குக்கு எல்லாம் மூத்ததுன்னு சொல்வாங்க. எஸ்.ஈ. ஹின்டன்னு போட்டிருக்கும், ஆம்பள பேரு மாதிரி தோணும், ஒரு பொண்ணுதான் எழுதினது. 15 வயசுல ஆரம்பிச்சு, புக்கு வந்தப்போ 18 வயசு. பெரியவகிட்ட இத மட்டும் கண்டிப்பா சொல்லு, அவ நோட்டுல எழுதி எழுதி தலகாணிக்கு அடியில வைக்கறது எனக்குத் தெரியும்.

மூணு அண்ணன் தம்பி. அப்பா அம்மா கார் ஆக்சிடன்ட்ல போயிட்டாங்க. பெரியவன் டேரிக்கு 20 வயசு, நல்லா படிப்பான், நல்லா விளையாடுவான், காலேஜ் போக வேண்டியவன், போகாம கூரை போடற வேலைக்குப் போறான். ஒரே தடவையில கூரை போடற சாமான் ரெண்டு கட்டா தூக்கி முதுகு புடிச்சுக்கும். கடைசித் தம்பிக்கு 14 வயசு, அவன்தான் கதைய சொல்றான். அண்ணனுக்கு தன் மேல பாசமே இல்ல, படி படின்னு கத்தறதுதான் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருக்கான். ஒரு நாள் சண்டையில அண்ணன் அடிச்சிடறான், இவன் வெளிய ஓடி ஏதேதோ ஆயிடுது. சில நாள் கழிச்சு ஆஸ்பத்திரில வந்து பாக்கறப்போ அண்ணன் அழறான். அப்பா அம்மா செத்தப்போ கூட அழாதவன். அப்பதான் இந்தப் பையனுக்குப் புரியுது, அவன் அழாம இருந்தது எதுக்குன்னு.

அந்தப் பக்கத்துல பாட்டியோட வட்டம் இருந்துச்சு. நான் பென்சில் எடுத்து பக்கத்துல இன்னொரு வட்டம் போட்டேன்.

அப்பா போனப்போ நீ அழல. நான் கிளம்பின அன்னிக்கும் அழல, பெட்டி பூட்டு சரியா இருக்கான்னு மூணு தடவ இழுத்துப் பாத்த, ஸ்வெட்டர மேலயே வை, இறங்கினதும் போடுன்னு சொன்ன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து நான் திரும்பிப் பாத்தப்போ நீ ஏற்கனவே திரும்பி நடந்து போயிட்டு இருந்த. எனக்கு அப்போ ரொம்ப கோவம் வந்துச்சுக்கா. ஆறு வருஷம் கழிச்சு, ஒரு சின்னப் பையன் சொல்ற கதையப் படிச்சு, பனி கொட்டற ஜன்னலோரத்துல உக்காந்து எனக்கு அது வேற மாதிரி தெரியுது. உன்ன பாக்கணும் போல இருக்கு. நீ சும்மா பக்கத்துல உக்காந்து பீன்ஸ் நறுக்கிட்டு இருந்தா போதும், பேசக் கூட வேணாம்.

சரி. அந்தப் புக்க பார்சல் பண்ணியிருக்கேன், பழசுதான், ஆனா பக்கம் எதுவும் போகல. இங்கிலீஷ் எளிமையா இருக்கும், மெதுவா படி, தடுக்கற எடத்துல பெரியவகிட்ட கேளு.

மொட்டமாடி ஒழுகுதுன்னு எழுதியிருந்த, மழைக்கு முன்னாடி முடிச்சிடணும், கொத்தனார் ரெண்டு பேர்கிட்ட கணக்கு கேட்டு எனக்கு அனுப்பு. பணம் இந்த மாசம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், பேங்க்ல ஏதோ மாத்தறாங்க, மார்ச்சுல ரெண்டையும் சேத்து அனுப்பிடறேன், அதுவரைக்கும் சீட்டுப் பணத்துல கை வைக்காத. அம்மா கண் ஆபரேஷன் தேதி தள்ளிட்டே போக வேணாம், சர்க்கரை அளவு சரியா வந்ததும் வச்சுக்கங்க. பத்திரத்துல நான் கையெழுத்து போட வேண்டிய பக்கத்த மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லு, சித்தப்பா அவசரப்படுத்தினா நான் பேசிக்கறேன்னு சொல்லு, நீ நடுவுல நிக்காத.

ஞாயித்துக்கிழம காலைல உனக்கு எத்தன மணிக்கு வசதின்னு சொல்லு, கூப்பிடறேன். மாமா இருந்தா அவருக்கும் குடு, பீரோ மேல இருக்கற புக்க பத்தி நானே பேசறேன்.

உன்,
சின்னக்குட்டி