கூழ்ப்பானையை ஒன்றுகூடலுக்குக் கொண்டுவாருங்கள்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இயங்கும் யாழ்ப்பாணத்து ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

கோடைகால ஒன்றுகூடலுக்குப் பூங்கா பதிவு செய்வதும், கயிறிழுத்தலுக்கும் சங்கீதக் கதிரைக்கும் பரிசு வாங்குவதும் உங்கள் கூட்டங்களில் இப்போது பேசுபொருளாக இருக்கும். சாப்பாட்டை யாரிடம் ஓடர் கொடுப்பது என்ற கேள்வியும் வந்திருக்கும். அந்த முடிவை எடுப்பதற்கு முன் இந்த மடலை வாசியுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். இந்த வருடம் ஒரு பெரிய பானை ஒடியற்கூழை, அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுகிற எங்கள் கூழை, வந்த சனம் எல்லாம் பார்க்க, அங்கேயே வைத்துக் காய்ச்சுங்கள்.

ஏற்கெனவே இதைச் செய்துவரும் சங்கங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு என் நன்றி. ஆனால் நான் போய்வரும் பல ஒன்றுகூடல்களில் ஃபிரைட் ரைசும் டெவல் கோழியும் ரோல்ஸும் அலுமினியத் தட்டுகளில் வந்து இறங்குகின்றன. கூழ் இருந்தாலும், யாரோ எங்கேயோ காய்ச்சி வாளியில் கொண்டுவந்து, கடதாசிக் கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். குடித்துவிட்டுப் போகிறோம். எப்படி வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது.

"வீட்டில் காய்ச்சிக் குடியுங்களேன்" என்று நீங்கள் சொல்லலாம். அங்கேதான் சிக்கல். இடியப்பம், சொதி, பிட்டு, குரக்கன் ரொட்டி எல்லாவற்றையும் நாலு பேருள்ள வீட்டில் நாலு பேருக்கே செய்யலாம். கூழை அப்படிச் செய்ய முடியாது. நண்டு, இறால், கணவாய், ஒரு பெரிய மீன்தலை, சில்லறை மீன் கொஞ்சம், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, ஒரு பிடி அரிசி, முருங்கையிலை என்று அத்தனையும் ஒரே பானைக்குள் போய், ஒன்றின் சாரம் மற்றதில் இறங்கினால்தான் அது கூழ். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு போட்டாலே பத்துப் பதினைந்து பேருக்கு வந்துவிடும். ஊரிலும் ஒரு வீட்டுக்காரர் தனியாகக் காய்ச்சிக் குடித்ததில்லை. பக்கத்து வீட்டார் மீனோடு வருவார்கள், சித்தப்பா தேங்காய் உரிப்பார், பின்னேரம் முற்றத்தில் எல்லோரும் வட்டமாக இருந்து பனையோலைப் பிளாவில் ஊற்றி, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு, வியர்க்க வியர்க்கக் குடிப்பார்கள். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு அடுக்குமாடி வீட்டில் தாயும் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் அதைச் செய்ய வழியில்லை. எங்கள் மற்றச் சாப்பாடுகளை வீடுகள் காப்பாற்றும். கூழைச் சங்கங்கள்தான் காப்பாற்ற வேண்டும், ஏனென்றால் ஆட்கள் உங்களிடம்தான் இருக்கிறார்கள்.

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளைப் பொறுக்கி, பாத்தியில் அடுக்கி மண் மூடிவிட்டால், மார்கழி, தை அளவில் கிழங்கு கிண்டலாம். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். பச்சையாக நெடுக்காகக் கிழித்து வெயிலில் காயவிட்டால் ஒடியல். அதை இடித்து அரித்தெடுத்த மாவுதான் கூழுக்கும் ஒடியற்பிட்டுக்கும் போகிறது. மாவில் இயற்கையாகவே ஒரு கைப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிகிற தண்ணீரை வடித்து, திரும்பத் தண்ணீர் விட்டு ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டு இந்த வேலையைத் தவிர்த்தால் பானை முழுவதும் கைக்கும். பிள்ளைகள் ஒருமுறை அந்தக் கைப்பைக் கண்டால் வாழ்நாளுக்கும் கூழ்ப் பக்கம் வரமாட்டார்கள். அதனால் மாவை ஊறவிடுகிற பொறுப்பை முதல்நாள் இரவே தெரிந்தவர் ஒருவரிடம் கொடுங்கள்.

கடையில் பொதியில் கிடைக்கிற மா சிலவேளை பழசாக இருக்கும். உங்கள் சங்கங்கள் ஊர்ப் பாடசாலைக்கும் கோயிலுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் வருடா வருடம் பணம் அனுப்புகின்றன. அதே கையோடு, ஊரில் ஒடியல் காயவைத்து இடிக்கிற பெண்களிடமிருந்து இந்த வருடத்து மாவை விலை கொடுத்து எடுப்பியுங்கள். இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்தது. அதற்குப் பிறகு வந்த போரில் காவலரண்களுக்கும் பதுங்கு குழிகளுக்கும் வெட்டப்பட்ட பனைகளை எங்களில் பலர் கண்ணால் கண்டவர்கள். மிஞ்சி நிற்கும் பனையையும் புதிதாக நடும் பனையையும் நம்பிச் சீவிக்கிறவர்களுக்கு, வாங்க ஆள் இருந்தால்தான் கிழங்கு போடுவதில் அர்த்தம் இருக்கும்.

போன கோடையில் ஒரு கோயில் மண்டபத்துச் சமையலறையில் சிலர் சேர்ந்து கூழ் காய்ச்சினார்கள். எண்பத்தைந்து வயது கடந்த என் பெரியம்மாவும் வந்திருந்தார். நடைவண்டியை ஓரமாக விட்டுவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்தார். அரிசியும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் பாதி வெந்த பிறகு நண்டும் மீனும் போயின, இறாலும் கணவாயும் கடைசியில். பிறகு, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்து மாவைக் கரைத்த சட்டியை இங்கே பிறந்த பதினாறு வயதுப் பெடியன் ஒருவன் தூக்கினான். "ஒரே இடத்தில ஊத்தாத தம்பி, சுத்திவர ஊத்து. மற்றக் கையால துழாவிக்கொண்டிரு, இல்லாட்டிக் கட்டிபடும்" என்றார் பெரியம்மா. அவன் தமிழ் அரைகுறை. ஆனாலும் அவர் கை காட்டியபடி அப்படியே செய்தான். ஒரு நிமிடத்தில் பானை நிறம் மாறியது, தண்ணீராகக் கொதித்துக்கொண்டிருந்தது கனத்துக் குமிழ்விட்டது. பெரியம்மா அகப்பையை வாங்கித் தூக்கிச் சரித்தார். அது அறுந்து விழாமல் ஒரு பட்டையாக இறங்க வேண்டும். "இன்னும் ரெண்டு கொதி" என்றார். எந்தக் காணொளியிலும் அந்த இரண்டு கொதிக்கு அளவு கிடையாது. அவருடைய கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது அந்தப் பெடியனுக்கும் கொஞ்சம் தெரியும்.

1983 கறுப்பு யூலைக்குப் பிறகு இருபது வயதில் வந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் கூப்பிட்டெடுத்த தாய்மார் எண்பதிலும் தொண்ணூறிலும் இருக்கிறார்கள். பலருக்குச் சமையலறையில் இனி வேலை இல்லை, பகல் முழுவதும் தனியே தொலைக்காட்சிக்கு முன்னால் இருக்கிறார்கள். ஒன்றுகூடலுக்குக் கூட்டிவந்தாலும் நிழலில் ஒரு கதிரையில் இருத்தி, தட்டில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறோம். மரியாதைதான். ஆனால் அவர்களிடம் ஒரு வேலையைக் கொடுத்து, "சரியா பாருங்கோ" என்று கேட்பது அதைவிடப் பெரிய மரியாதை என்று நான் மனதார நம்புகிறேன்.

தென்கொரியாவின் கிம்ஜாங் 2013இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பட்டியலில் ஏறியது கிம்ச்சி என்ற, மரக்கறியைப் புளிக்கவைத்துச் செய்கிற பண்டம் இல்லை. குளிர்காலத்துக்கு முன் குடும்பங்களும் அயலவர்களும் கூடி அதைச் செய்து பகிர்ந்துகொள்கிற வழக்கம்தான் ஏறியது. எங்களிடமும் அப்படியொரு வழக்கம் இருக்கிறது. கனடிய நாடாளுமன்றம் 2016இல் தை மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்டது. அந்த மேடைகளில் பரதமும் பேச்சும் விருதும் நிறைவாக நடக்கின்றன. ஊரில் கிழங்கு கிண்டுகிற மாதமும் அதுதான். வெளியே பனி கொட்டும்போது மண்டபத்துக்குள் ஒரு கூழ்ப்பானை கொதிக்கட்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். கோடையில் வசதி இல்லை என்கிற சங்கங்கள் தையில் செய்யலாம். யூலை நடுப்பகுதியில் ஒன்றுகூடல் வைப்பவர்கள், ஆடிப்பிறப்பையும் சேர்த்து, பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் விட்ட ஆடிக்கூழையும் கொழுக்கட்டையையும் செய்யலாம். அதற்கு மீன் வாடையும் இல்லை, சின்னப் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

நீங்கள் சொல்லக்கூடிய தடைகள் எனக்குத் தெரியும். பல பூங்காக்களில் விறகு மூட்ட விடமாட்டார்கள். காஸ் அடுப்புக்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், கிடைக்காவிட்டால் சமையலறை உள்ள மண்டபமாகப் பாருங்கள். இறால், நண்டு ஒவ்வாத பிள்ளைகள் எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள், சைவக்காரரும் இருப்பார்கள். அவர்களுக்கு வேறு பானை, வேறு அகப்பை, தள்ளி ஒரு மேசை. மரக்கறி மட்டும் போட்ட சைவக் கூழும் எங்களுடையதுதான். பிளா கிடைக்காது, பரவாயில்லை. முருங்கையிலையும் பலாக்கொட்டையும் தமிழ்க் கடைகளில் உறைந்ததாகக் கிடைக்கும். "எங்கட ஊரில அரிசி போடுறேல்ல", "முருங்கையிலை போட்டால்தான் கூழ்" என்று சண்டை வரும். வரட்டும். அந்தச் சண்டையைப் பிள்ளைகள் கேட்க வேண்டும், தங்கள் ஊர்க் கூழ் எது என்று அவர்களுக்கு வேறு எப்படித் தெரியப்போகிறது?

பின்னேரம் ஐந்து மணிக்குக் குடிப்பதாக இருந்தால் இரண்டு மணிக்கே அடுப்பு மூட்ட வேண்டும். ஓட்டப்போட்டிகள் நடக்கிற அதே நேரம்தான். பெடியள், பெட்டையள் என்று பார்க்காமல் இளம் ஆட்கள் பத்துப் பேரையாவது பானையடிக்கு ஒதுக்கித் தாருங்கள். மூத்தவர்கள் இரண்டு மூன்று பேர் போதும்.

உங்கள் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். செய்வதென்று முடிவானால் எந்த ஊர்ச் சங்கமானாலும் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். நண்டு துப்புரவாக்கவும் மரக்கறி வெட்டவும் காலையிலேயே வந்துவிடுவேன், இன்னும் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் ஊர்க்காரி ஒருத்தி