கைமாறும் இடம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் வந்து சேர்ந்தது. பெரியவள் பத்தாம் வகுப்பா! காலம் ஓடுவது பிள்ளைகளைப் பார்த்தால்தான் தெரிகிறது. இங்கே எல்லோரும் நலம். நேராக நீ கேட்டதற்கு வருகிறேன்.

பர்ச்சேஸில் பதினோரு வருடம் ஆகிவிட்டது, மேலே போக வழி தெரியவில்லை, பைத்தான் நிரல்மொழி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், ஜெர்மன், தர மேம்பாட்டு முறையான சிக்ஸ் சிக்மா நான்கையும் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். நான்கும் நல்லவைதான். ஆனால் உன் மேசையிலிருந்து பார்த்தால் நான்கும் நான்கு திசை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்களே, அந்தக் கதைதான் ஆகும்.

இரண்டாவது திறமையை எங்கே தேடுவது? உன் வேலை உன் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போகிறதே, அந்த இடத்தில் தேடு. இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக் குறித்து வை: யாருக்காகக் காத்திருந்தாய், எதற்காக, எவ்வளவு நேரம். பர்ச்சேஸில் பெரும்பாலும் மூன்று இடம்தான் திரும்பத் திரும்ப வரும். ரிப்போர்ட்டுக்காக ஐ.டி., பணம் பட்டுவாடாவுக்காக அக்கவுண்ட்ஸ், ஒப்புதலுக்காக மேலதிகாரி. அப்படியானால் நீ கற்க வேண்டியவை டேட்டா, கணக்கு, எழுத்து. உன் தாள் வேறு ஏதாவது சொன்னால் தாளையே நம்பு, என்னை நம்பாதே.

பக்கத்துத் திறமை என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ஒரு வேலையில் பழகிய தேர்ச்சி இன்னொரு வேலைக்கு அப்படியே தாவிவிடாது, இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் கூறுகளின் அளவுக்குத்தான் போகும் என்று 1901லேயே தார்ன்டைக், வுட்வொர்த் என்ற இரண்டு உளவியலாளர்கள் சோதனை செய்து எழுதிவிட்டார்கள். சதுரங்கம் ஆடினால் நிர்வாகம் வரும் என்கிற பேச்சை எல்லாம் ஒதுக்கி வைத்துவிடலாம்.

கணக்கிலிருந்து தொடங்கச் சொல்வேன், செலவழிக்கும் நேரத்துக்குப் பலன் அதில்தான் அதிகம். டெபிட், கிரெடிட் பதிவு எல்லாம் போடத் தெரிய வேண்டாம். லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, பணப்புழக்க அறிக்கை மூன்றையும் படிக்கத் தெரிந்தால் போதும். அதன் பிறகு உன் இன்வாய்ஸே வேறாகத் தெரியும். உதாரணத்துக்கு, 10 நாளில் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லையென்றால் 30 நாளில் முழுத்தொகை என்று வெண்டர், அதாவது சரக்கு தருபவர், எழுதுகிறார். 2 சதவீதம் அற்பம் என்று விட்டுவிடுவோம். கணக்குப் போட்டுப் பார்: 100 ரூபாய் பில் என்றால், 98ஐ இன்னும் 20 நாள் கையில் வைத்திருக்க 2 கொடுக்கிறோம். 2ஐ 98ஆல் வகுத்தால் 2.04 சதவீதம். வருடத்தில் 20 நாட்கள் 18.25 தடவை. வருட வட்டி 37 சதவீதத்துக்கு மேல்! வங்கிக் கடன் 12 சதவீதத்தில் கிடைக்குமானால் கடன் வாங்கியாவது 10ஆம் நாள் கட்டுவது லாபம். அதே சமயம் உங்கள் நிறுவனம் நடைமுறையில் 60ஆம் நாள்தான் கட்டுகிறது என்றால், 20 நாளுக்குப் பதில் 50 நாள் கையில் இருப்பதால் அந்த 37, சுமார் 15க்கு இறங்கிவிடும். இந்த ஒரு கணக்கைத் தலைமைக் கணக்கரிடம் பேசத் தெரிந்த பர்ச்சேஸ்காரரை அவர் வேறு கண்ணால் பார்ப்பார். மார்ஜினையும் மார்க்அப்பையும் குழப்பாமல் இருக்கவும் பழகிக்கொள்: 80க்கு வாங்கி 100க்கு விற்றால் மார்ஜின் (விற்ற விலையில் லாபம்) 20 சதவீதம், மார்க்அப் (வாங்கிய விலையில் லாபம்) 25. பேரம் நடக்கும்போது எதிராளி எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்.

அடுத்தது டேட்டா. பைத்தான் பிறகு பார்க்கலாம், முதலில் எக்ஸெலை ஒழுங்காக. தப்பு நடக்கும் இடங்கள் எண்ணி மூன்றுதான், ஆனால் ஆளைக் கவிழ்த்துவிடும். ஒரு பட்டியலில் தேடி விலை எடுத்துத் தரும் வீலுக்அப் சூத்திரத்தில் நான்காவது மதிப்பைக் கொடுக்காமலே விட்டால் அது தோராயமான பொருத்தத்தைத் தேடும். பிழை என்று கத்தாது, பக்கத்து வெண்டரின் விலையை எடுத்துச் சத்தமில்லாமல் வைத்துவிடும். அங்கே ஃபால்ஸ் போட மறக்காதே. இரண்டாவது, சி.எஸ்.வி. கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) டபுள் கிளிக் செய்து திறந்தால் 00417 என்ற வெண்டர் கோடு 417 ஆகிவிடும், பிறகு எதோடும் பொருந்தாது. எக்ஸெலிலேயே உள்ள பவர் குவெரி என்ற இறக்குமதிக் கருவி வழியாக எடுத்து, அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று குறித்துவிடு. மூன்றாவது தேதி. நாளும் மாதமும் இடம் மாறினால் 12 வரை உள்ள நாட்கள் தவறான தேதியாகவும், 13 முதல் உள்ளவை வெறும் எழுத்தாகவும் நிற்கும். பாதி சரியாகத் தெரிவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பிறகு எஸ்.க்யூ.எல்., டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி. செலக்ட் (எடுப்பது), வேர் (வடிகட்டுவது), குரூப் பை (தொகுப்பது), ஜாயின் (இரண்டு டேபிளைச் சேர்ப்பது) நான்கு வந்தால் உன் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ஐ.டி. பக்கம் போக வேண்டாம். படிக்க மட்டும் உரிமை உள்ள லாகின் கேள், மாற்றும் உரிமை கொடுத்தாலும் வாங்காதே. ஜாயினில் ஒரு பொறி இருக்கிறது: ஒரு லட்சத்துக்கு ஒரு பி.ஓ. (கொள்முதல் ஆணை), அதற்கு மூன்று தவணையாகச் சரக்கு வந்து மூன்று ஜி.ஆர்.என். (சரக்கு வரவுக் குறிப்பு) இருந்தால், இரண்டு டேபிளையும் நேரே சேர்த்துக் கூட்டினால் மூன்று லட்சம் என்று வரும். ஜி.ஆர்.என்.களை முதலில் பி.ஓ. எண்வாரியாகத் தொகுத்துவிட்டு, அப்புறம் சேர். சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் வரிசைகளை எண்ணிப் பார்ப்பதைக் கை தானாகச் செய்ய வேண்டும்.

வீட்டில் பழகுவதற்கு அலுவலகக் கோப்பை எடுத்துப் போகாதே. பெயர், விலை எல்லாம் மாற்றிய 200 வரிசை போதும். அதற்கும் மேலதிகாரியிடம் சொல்லிவிடு.

எழுத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒப்புதல் கேட்கும் குறிப்பு ஒரே பக்கம். முதல் வரியில் என்ன முடிவு வேண்டும், எந்தத் தேதிக்குள். அடுத்து ஒன்றும் செய்யாமல் விடுவது உட்பட மூன்று வழிகள், ஒவ்வொன்றுக்கும் செலவு. பின்னணி கடைசியில். நாம் எல்லோரும் தலைகீழாகத்தான் எழுதுகிறோம், அதனால்தான் கோப்பு மேசையிலேயே கிடக்கிறது.

நேரம் இல்லை என்பாய். வாரத்தில் நான்கு நாள் 45 நிமிடம், ஒரு நாள் இரண்டு மணி நேரம், மொத்தம் 5 மணி. 12 வாரத்தில் 60. அந்த 12 வாரமும் ஒரே திறமை. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து ஐந்து மணி நேரத்தையும் தீர்த்துவிட நினைக்காதே. இடைவெளி விட்டுப் படிப்பதுதான் நினைவில் தங்கும் என்று உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885லேயே தன் மீதே சோதித்துச் சொல்லிவிட்டார். 12ஆம் வாரம் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும்: அலுவலகத்தில் ஒருவராவது நிஜமாகப் பயன்படுத்தும் ஒரு அறிக்கை, ஒரு ஒப்பீடு. நிறுத்தும் இடம் எது என்று கேட்டால், உடைந்ததை உதவியில்லாமல் சரிசெய்யத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் போவது உன் முதல் தொழிலான பர்ச்சேஸில் மட்டும்.

சான்றிதழ் வாங்கலாமா என்பதை விளம்பரங்களைப் பார்த்து முடிவு செய். உனக்கு ஒரு படி மேலே உள்ள வேலைக்கான விளம்பரம் 20 சேர்த்து, கேட்கும் திறமைகளைக் கோடு போட்டு எண்ணு. ஐந்துக்குக் குறைவாக வந்ததை அடித்துவிடு. சான்றிதழ் கட்டாயம் என்று பாதிக்கு மேல் சொன்னால் மட்டும் பணம் கட்டு. விளம்பரங்களும் ஆசைப்பட்டியல்தான், அவர்கள் கேட்கும் பதினான்கும் உள்ள ஆளை அவர்களே பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. எக்ஸெல் தெரியும் என்று வெளியே தெரிந்தால் தளம் முழுவதும் உன்னிடம் வரும். பதவி மாறாது, வேலை மட்டும் சேரும். செய்துகொடுக்கும் ஒவ்வொன்றோடும் அரைப்பக்கச் செய்முறை எழுதி அவர்களிடமே ஒப்படைத்துவிடு. அப்ரைசலில் "எக்ஸெல், எஸ்.க்யூ.எல். தெரியும்" என்று எழுதாதே. எந்த அறிக்கைக்கு முன்பு எத்தனை நாள் ஆனது, இப்போது எத்தனை மணி, அதனால் எந்த வெண்டரிடம் எவ்வளவு மிச்சம் என்று எழுது. முன்பு எவ்வளவு ஆனது என்பதை இன்றே குறித்து வைத்தால்தான் அது முடியும். பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஜெர்மனை விடச் சொல்லவில்லை. பிடித்திருந்தால் படி, அது வேறு கணக்கு.

அந்த மூன்று பத்தித் தாளை இரண்டு வாரம் கழித்துப் போட்டோ எடுத்து அனுப்பு, சேர்ந்து பார்ப்போம். ஜாயினில் தொகை வீங்கினால் ராத்திரி பத்து மணியானாலும் கூப்பிடு.

அன்புடன்,
ரகு