கீழ்த்தட்டிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, எங்கள் நூலகத்தின் புத்தக இருப்புச் சரிபார்ப்புதான். ஒருவர் எண்ணை வாசிக்க இன்னொருவர் பதிவேட்டில் டிக் அடிக்கும் பழைய பாடு இந்த முறை வேண்டாம், கைப்பேசியிலேயே முடித்துவிடலாம் என்று வீராப்பாகச் சொன்னவள் நான். எந்தெந்தச் செயலியைப் போட்டுப் பார்த்தாய், எது உருப்படி என்று கேட்டிருந்தாயே, கேள்.

முதல் நாளே சறுக்கல். புதிதாகச் சேர்ந்த உதவியாளரிடம் பார்கோடு ஸ்கேன் செய்யும் செயலியைக் கொடுத்து ஒரு ரேக்கை முடிக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வந்து நின்றார். அந்த வேகம்தான் சந்தேகம் தந்தது. போய்ப் பார்த்தால், உள்ளே நாம் ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாகக் கொடுத்து ஒட்டிய சேர்க்கை எண்ணை விட்டுவிட்டு, பின்னட்டையில் பதிப்பகத்தார் அச்சிட்ட ஐஎஸ்பிஎன், அதாவது சர்வதேச நூல் எண், பார்கோட்டை வரிசையாக அடித்திருக்கிறார். ஒரே அகராதியின் ஐந்து பிரதிக்கும் ஒரே எண். 'ஏற்கெனவே உள்ளது' என்று செயலி நான்கைத் தள்ளிவிட்டது. பட்டியலில் நான்கு அகராதி காணோம், தட்டில் ஐந்தும் தடிதடியாக நிற்கின்றன! அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எது நம் எண் என்று நான் காட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது சறுக்கல் முழுக்க என்னுடையது. பார்க்க அழகாக இருந்த ஒரு இலவசச் செயலியில் இரண்டு நாள் உட்கார்ந்து நானூறு புத்தகம் ஏற்றினேன். கீழ்த்தட்டுக்கு முழங்காலிட்டு, டார்ச் வெளிச்சம் பிளாஸ்டிக் உறை மேல் பட்டுக் கண் கூச, கைப்பேசியைச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாக. மூன்றாம் நாள் பட்டியலை வெளியே எடுக்கப் போனால், அதற்குச் சந்தா கட்ட வேண்டுமாம். பெயரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? அன்றிலிருந்து எந்தச் செயலி வந்தாலும் முதலில் பத்தே பத்துப் புத்தகம் ஏற்றி, அன்றைக்கே சிஎஸ்வி என்ற எளிய பட்டியல் கோப்பாக வெளியே எடுத்துப் பார்க்கிறேன். எடுக்க முடியவில்லையா, உடனே அழித்துவிடுவேன்.

வெளியே எடுத்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கோப்பை நேராக விரிதாளில் திறந்தால் 00457 என்ற நம் சேர்க்கை எண் வெறும் 457 ஆகிவிடும். முன்னால் நிற்கும் பூஜ்யங்களுக்கு அங்கே மதிப்பில்லை. அப்புறம் பழைய பட்டியலோடு ஒப்பிட்டால் ஒன்றும் பொருந்தாது. அந்த நெடுவரிசையை எண் அல்ல, டெக்ஸ்ட் என்று முதலிலேயே சொல்லிவிட்டு உள்ளே கொண்டுவா. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது போயிற்று.

நன்கொடையாக வந்த இரண்டு பெட்டிப் புத்தகங்களுக்கு, நூல் விவரங்களைச் சேர்த்துவைக்கும் ஸோட்டெரோ என்ற மென்பொருள் கைகொடுத்தது. 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, இலவசம். ஐஎஸ்பிஎன்னை இட்டால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் வந்து விழுகிறது. தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றுக்கு வலையில் தரவே இல்லாததால் அவற்றைக் கையால்தான் அடித்தேன். இந்த ஐஎஸ்பிஎன் நாம் படித்தபோது பத்து இலக்கம். எண்ணில் பிழை இருக்கிறதா என்று பார்க்க, இலக்கங்களைப் பத்திலிருந்து இறங்கி இறங்கிப் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுபடுகிறதா என்று பார்ப்போம், கடைசி இலக்கம் பத்தாக வந்தால் எக்ஸ் போடுவோம், நினைவிருக்கிறதா? 2007 முதல் 13 இலக்கம். ஒன்று, மூன்று என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் பத்தால் வகுபட வேண்டும், அவ்வளவுதான். எக்ஸ் போய்விட்டது. தேர்வில் நீ கோட்டைவிட்ட கணக்கு இப்போது எளிதாகிவிட்டது, இருபது வருஷம் பொறுத்திருக்கலாம் நீ.

இன்னொரு வேடிக்கை. புதிய புத்தகங்களில் ஒட்டியிருக்கும் ஆர்எஃப்ஐடி வில்லைகள், அதாவது ரேடியோ அலையில் தம் எண்ணைச் சொல்பவை, 13.56 மெகாஹெர்ட்ஸ் வகை. என்எஃப்சி என்ற, ஒட்டிப் பிடித்துப் படிக்கும் வசதி உள்ள கைப்பேசிக்கும் அதே அலைவரிசைதான். அட்டையோடு ஒட்டிப் பிடித்தேன், எண் திரையில் வந்தது. சின்னக் குழந்தை மாதிரி ஆறேழு புத்தகத்துக்குச் செய்து பார்த்தேன். ஒவ்வொன்றையும் உருவி எடுத்து ஒட்டிப் பிடிக்க வேண்டியிருப்பதால் ரேக் முழுக்கச் சரிபார்க்க உதவாது.

படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் செயலிகளைப் பற்றி உனக்குத்தான் அதிகம் தெரியும். பழைய நூல்களின் பொருளடக்கத்தை அப்படி எடுக்கிறேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் யானைத் துதிக்கை போன்ற பழைய ஐகாரக் குறி வைத்த லையும் னையும் வந்தால் செயலி திகைத்துப்போய் ஏதோ ஒரு சுழியைப் போட்டுவிடுகிறது. நீ எதை வைத்து எடுக்கிறாய்?

சொந்த உபயோகத்துக்கு என்று பார்த்தால், வைத்த பல செயலிகளில் இப்போது மிச்சம் மூன்று. நடக்கும்போது கேட்க லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் செயலி, படிக்க இபப் என்ற மின்நூல் வடிவத்துக்கு ஒரு வாசிப்பான், எழுதக் குரல்வழித் தட்டச்சு. கண்ணாடி பவர் ஏறிவிட்டது, இபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடிந்துகொள்கின்றன. பிடிஎஃப்பில் இடமும் வலமுமாக இழுத்து இழுத்துக் கழுத்துதான் வலித்தது. தினமும் எத்தனை பக்கம் படித்தாய் என்று விரட்டிக்கொண்டிருந்த வாசிப்புக் கணக்குச் செயலியை அழித்துவிட்டேன். படிப்பதற்கு ஒரு மேலாளர் எதற்கு?

வாசகர்களின் பெயர், எண், யார் எதை எடுத்தார் என்பதையெல்லாம் மட்டும் இப்படிப்பட்ட எந்தச் செயலியிலும் ஏற்றாதே. தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கும் பார்கோடு செயலியை நான் தொடுவதே இல்லை.

இந்தக் கடிதத்தில் பாதியை வாயால் சொல்லித்தான் எழுதினேன். ஒற்றெழுத்தை அது இஷ்டத்துக்கு விழுங்குகிறது. திருத்தியிருக்கிறேன், தப்பியது இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பு, நீ விடமாட்டாய். இன்னும் இரண்டு ரேக் பாக்கி. அவற்றிலும் கீழ்த்தட்டு உண்டு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி