அப்பாவை ஏன் விரலை நீட்டச் சொல்லவில்லை?

இலங்கையின் வடக்கில் பாரிசவாத நோயாளிகளைப் பார்க்கும் வைத்தியர்களுக்கு,

வணக்கம். போன மாரியில் ஒரு விடியப்புறம், படுக்கையிலேயே அப்பாவின் வலப்பக்கம் விழுந்துவிட்டது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம், வண்டி வந்தது. ஆனால் எத்தனை மணிக்கு நடந்தது என்று எவருக்கும் தெரியாததால், நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டிய, இரத்தக் கட்டி கரைக்கும் ஊசி கிடைக்கவில்லை. சரி, அது விளங்கியது.

விளங்காதது அடுத்தது. வாட்டு வாசலில் ஓர் இளம் வைத்தியர் சி.ரி. ஸ்கான் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூளையில இடப்பக்கம் நிறையப் போயிட்டுது, இனி எழும்பிறது கஷ்டம்" என்றார். அம்மா அன்றிரவே கனடாவில் இருக்கும் அண்ணாவை வரச் சொன்னா. பயிற்சி கொடுக்க வந்த இயன்மருத்துவரை, "அவரை ஏன் தம்பி வருத்துறியள்" என்று நாங்களே திருப்பி அனுப்பினோம். இரண்டு கிழமை அப்படியே போனது. அந்த இரண்டு கிழமைக்காகத்தான் இந்த மடல்.

பிறகு வாசித்துத்தான் அறிந்தேன். மூளையின் நடுநாடி இரத்தம் கொடுக்கும் இடத்தைப் பத்தாகப் பிரித்து, பழுதான ஒவ்வொன்றுக்கும் பத்திலிருந்து ஒரு புள்ளி கழிப்பீர்களாம். ஆறுக்குக் கீழே போனால், குழாய் விட்டுக் கட்டியை எடுத்தும் பயனில்லை என்றே பல காலம் எண்ணியிருந்தார்கள். 2022, 2023இல் வந்த பரிசோதனைகளில் மூன்று, நான்கு, ஐந்து புள்ளிக்காரர்களுக்கும் அது உதவியது. படங்கள் பழைய மாதிரியேதான், தீர்ப்புத்தான் மாறியது.

கை விஷயம் இன்னும் வேடிக்கை. 2017இல் நியூஸிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முறையில், மூன்று நாளுக்குள் தோளைப் பக்கவாட்டில் தூக்கவும் விரல்களை நீட்டவும் சொல்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பலத்தைப் பார்த்துப் பூச்சியம் முதல் ஐந்து வரை புள்ளி. கூட்டுத்தொகை ஐந்தோ அதற்கு மேலோ வந்தால், மூன்று மாதத்தில் கை நன்றாகத் திரும்ப வாய்ப்பு அதிகம். அதற்கு ஸ்கானே தேவையில்லை. அப்பாவை எவரும் விரலை நீட்டச் சொல்லவில்லை.

இப்போது தடியூன்றிப் படலை வரை போய் வருகிறார். வலக்கை சரியில்லைதான். பாக்குவெட்டியை இடக்கையால் பிடித்துப் பழகுகிறார். பாதிப் பாக்கு விறாந்தையில் சிதறும், அம்மா ஏசிக்கொண்டே பொறுக்குவா.

வாட்டில் எவ்வளவு சனம் என்பது தெரியும். ஆனாலும் முதல்நாளே தீர்ப்புச் சொல்லாமல், மூன்றாம் நாள் கையைக் காலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். படத்தில் தெரிவதோடு தெரியாததையும் சொல்லுங்கள். பயிற்சியை எப்போது தொடங்குவது என்பதை ஒரு துண்டில் தமிழில் எழுதிக் கொடுங்கள். நெடுந்தீவிலிருந்து வரும் சனத்துக்கு, படகேறி வீடு போனபின் திரும்பிவந்து கேட்பது லேசில்லை.

இப்படிக்கு,
மானிப்பாயிலிருந்து ஒரு மகள்