பாலை நிறுத்துங்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோவியத் யூனியனில், உக்ரைனில் வெடித்த செர்னோபில் அணுமின் நிலையத்தின் நினைவு நாளுக்கு நீங்கள் போட்ட கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பிரிப்யாத் ஊரின் ராட்டினம் பெரிய படமாக இருந்தது. விபத்துக்குக் காரணம் ஊழியர்களின் அலட்சியம் என்று ஒரு வரி, பாதிப்பு என்று இறந்தவர்கள் கணக்கு ஒரு வரி, அவ்வளவுதான். நான் ஊத்துக்குளிப் பக்கம் நாலு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன். அணு விஞ்ஞானம் படித்தவனில்லை, ஆனால் சில வருடங்களாக இதைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடிப் படிக்கிறேன், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அந்த இரண்டு வரிகளும் போதாது. முதல் வரி சரியும் இல்லை.

1986 ஏப்ரல் 26 ராத்திரி அங்கே நடந்தது ஒரு பாதுகாப்புச் சோதனை. கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டர் எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் போல ஆகும், நம் ஸ்பின்னிங் மில்களில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் எப்படியிருக்கும் என்று தெரியும். அந்த இடைவெளியில், ஓடி நிற்கப்போகிற டர்பைனின் மிச்ச வேகத்தை வைத்தே குளிர்விக்கும் பம்புகளை ஓட்ட முடியுமா என்று பார்க்க நினைத்தார்கள். முந்தின நாள் பகலிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. கீவ் நகரத்திலிருந்து மின் விநியோகத்தைப் பார்க்கிறவர்கள் இப்போது உற்பத்தியைக் குறைக்காதீர்கள் என்று சொல்லிவிட, ஒன்பது பத்து மணி நேரம் தள்ளிப்போய், தயாராக இல்லாத ராத்திரி ஷிப்ட்டின் தலையில் வந்து விழுந்தது. நடுவில் உலையின் சக்தி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்த, உலையை அடக்கி வைக்கிற கட்டுப்பாட்டுக் கோல்களில் பெரும்பாலானவற்றை வெளியே இழுத்துவிட்டார்கள். விதியை மீறினார்கள், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் கடைசியில் உலையை நிறுத்துகிற பட்டனை அழுத்தியபோது நடந்ததற்கு அவர்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்? அந்தக் கோல்களின் முனையில் கிராஃபைட் என்கிற கரி வகை இருந்தது. உள்ளே இறங்கும்போது முதல் சில நொடிகள் அது உலையை அடக்காமல் கிளப்பிவிட்டது. திம்பம் இறக்கத்தில் பாரத்தோடு வருகிற லாரியில் டிரைவர் பிரேக்கை மிதிக்க, பிரேக் பிடிப்பதற்கு முன் வண்டி இன்னும் வேகமெடுத்தால் எப்படியோ அப்படி. இந்தக் கோளாறு 1983-லேயே லித்துவேனியாவில் இக்னாலினா உலையில் தெரிந்துவிட்டது. வடிவமைத்தவர்களுக்குத் தெரியும், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதன் ஆபத்தை யாரும் விளக்கவில்லை. அன்று உலையை இயக்கிய லியோனித் தொப்துனோவுக்கு 25 வயது, மூன்று வாரத்துக்குள் கதிர்வீச்சு நோயில் இறந்துபோனார். 1986-இல் ஊழியர்கள் மேல் பழி போட்ட சர்வதேச அணுசக்தி முகமையின் நிபுணர் குழுவே 1992-இல் தன் அறிக்கையைத் திருத்தி, வடிவமைப்பில் இருந்த குறைகளைத்தான் முன்னால் வைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நாம் இன்னும் அந்தப் பழைய வரியையே அச்சடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, பாதிப்புக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் மாடுகள் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் மேய்கின்றன. காலையில் மேய்ந்தது சாயங்காலம் பாலில் தெரியும், தீவனத்தை மாற்றினால் இரண்டே நாளில் டிகிரியும் கொழுப்பும் மாறிவிடும், இது பால் பீச்சுகிற யாருக்கும் தெரிந்த சங்கதி. செர்னோபிலில் வெடித்துக் கிளம்பிய புகையில் கதிரியக்க அயோடின் இருந்தது. அது புல்லின் மேல் இறங்கியது, புல் மாட்டுக்குள் போனது, பால் குழந்தைகளுக்குள் போனது. குழந்தையின் தைராய்டு சுரப்பி சின்னது, அயோடின் எது வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். பிரிப்யாத்தின் ஐம்பதாயிரம் பேரை அடுத்த நாள் பிற்பகல் பஸ்ஸில் ஏற்றினார்கள், மூன்று நாளில் திரும்பலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். சுற்றியிருந்த கிராமங்களுக்கும் பெலாரஸில் கோமெல் பகுதிக்கும் அதுகூடச் சரியான நேரத்தில் சொல்லப்படவில்லை. ஏப்ரல் 28-இல் ஸ்வீடன்காரர்கள் தங்கள் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் கதிர்வீச்சைக் கண்டுபிடித்துக் கேள்வி கேட்ட பிறகுதான் சோவியத் அரசு வாயைத் திறந்தது. மே தின ஊர்வலம் கீவில் வழக்கம்போல நடந்தது. வீட்டு மாட்டுப் பாலைப் பிள்ளைகள் வழக்கம்போலக் குடித்தார்கள்.

அந்த அயோடின் எட்டு நாளில் பாதியாகிவிடும், இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போய்விடும். அதுவரை பாலை நிறுத்துங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். இது அன்றைக்குத் தெரியாத விஷயமும் இல்லை. 1957-இல் இங்கிலாந்தில் விண்ட்ஸ்கேல் அணு உலை தீப்பிடித்தபோது சுமார் 500 சதுர கிலோமீட்டருக்குள் இருந்த பண்ணைகளின் பாலையெல்லாம் ஒரு மாதம் கீழே ஊற்றினார்கள். செர்னோபிலுக்குப் பக்கத்து நாடான போலந்து, சோவியத் அரசின் தகவலுக்குக் காத்திராமல், கதிரியக்க அயோடினுக்குத் தைராய்டில் இடமில்லாமல் செய்ய, சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சாதாரண அயோடின் கரைசல் கொடுத்தது. சொல்லாமல் விட்ட இடத்தில் 2005 வரைக்குமே, அன்று சிறுவர்களாக இருந்தவர்களில் 6,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. அதில் கணிசமான பங்குக்கு அந்தப் பால் காரணமாக இருக்கலாம் என்று ஐ.நா. அறிவியல் குழு சொல்கிறது. சிகிச்சை இருப்பதால் மிகச் சிலரே இறந்தார்கள், அதனால் உங்கள் இறந்தவர்கள் கணக்கில் இவர்கள் வரமாட்டார்கள். கழுத்தில் தழும்போடு ஆயுள் முழுக்க மாத்திரை போட்டுக்கொண்டிருப்பது எந்தக் கணக்கில் வரும்?

அப்புறம் அதே புகையில் வந்த கதிரியக்க சீசியம். இது பாதியாக முப்பது வருடம் எடுக்கும். விவசாயிக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், மண்ணில் இது பொட்டாஷ் உரம் மாதிரியே நடந்துகொள்ளும், செடிக்கு வித்தியாசம் தெரியாது, உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் 2011-இல் அணு உலை விபத்து நடந்த ஜப்பானின் ஃபுகுஷிமாவில் நெல் வயலுக்குப் பொட்டாஷைக் கூடுதலாகப் போட்டு சீசியம் ஏறாமல் தடுக்கிறார்கள். அதற்கு முன் மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் வழித்துக் கறுப்பு மூட்டைகளில் கட்டிக் கொண்டுபோனார்கள். மேல்மண்ணை வழித்தெடுப்பது என்றால் என்ன என்று தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செர்னோபிலிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற வேல்ஸ் மலைகளில், ஆட்டைச் சந்தைக்கு ஓட்டுவதற்கு முன் கருவி வைத்து அளந்து, அளவு கூடினால் அடையாளச் சாயம் பூசி நிறுத்திவைப்பது 2012 வரை நடந்தது. இருபத்தாறு வருடம்!

நான் ஏன் இதைத் தேடிப் படிக்கிறேன் என்றால், என் மாமன் தோட்டம் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. பாசனத்துக்குக் கட்டின அந்த அணையில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கின கதை உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். சின்ன வயதில் அங்கே போயிருந்தபோது, புதிதாக வாங்கி வந்த எருமை தொட்டித் தண்ணீரில் மூஞ்சியை வைத்தது, மோந்து பார்த்தது, தாகத்தோடே திரும்பிப் போய் நின்றுகொண்டது. மாமன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தென்னைகள் குரும்பையிலேயே கொட்டின. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, அப்புறம் சுத்திகரிப்பு எல்லாம் வந்தது, ஆனால் அந்தக் கிணற்றுத் தண்ணீரை இன்றைக்கும் வாயில் வைக்க முடியவில்லை. சாயமும் கதிர்வீச்சும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. மண் கெட்டால் அது யாருடைய ஆயுளில் சரியாகும் என்பதை நான் கிட்டத்திலிருந்து பார்த்தவன். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லவும் அன்றைக்கு ஆள் இல்லை.

ஃபுகுஷிமாவில் 2011-இல் நடந்த விபத்தைச் சுனாமி அலைதான் செய்தது என்று எல்லாரும் நினைக்கிறோம். 15 மீட்டருக்கு மேல் அலை வரலாம் என்று அந்த நிலையத்தை நடத்திய மின்நிறுவனமே 2008-இல் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தது. அதற்கேற்ற தடுப்பு எழவில்லை, ஜெனரேட்டர்கள் அடித்தளத்தில் இருந்து மூழ்கின. ஜப்பான் நாடாளுமன்றக் குழுவே இது மனிதர்கள் உண்டாக்கிய விபத்து என்று எழுதியது. பக்கத்திலிருந்த நாமியே ஊர்க்காரர்கள், கதிர்வீச்சுப் புகை போன திசையிலேயே தப்பி ஓடி அங்கேயே சில நாள் தங்கியிருந்தார்கள், புகை எந்தப் பக்கம் போகும் என்ற கணிப்பு அரசிடம் இருந்தும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை. ஒன்று மட்டும் சரியாகச் செய்தார்கள், பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் பாலை நிறுத்தினார்கள்.

கூடங்குளத்தை மூடு என்று கேட்டு இதை எழுதவில்லை. 2012-இல் இங்கே கரண்ட் இல்லாமல் தறிகள் நின்றபோது, கூடங்குளம் எப்போது ஓடும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன், என் மச்சான் சோமனூரில் தறி போட்டிருந்தார். அங்கே இருப்பது வேறு வகை உலை, கிராஃபைட் கிடையாது, உலையைச் சுற்றிக் கான்கிரீட் கவசம் இருக்கிறது, அதையும் படித்தேன். எங்கள் ஊருக்கும் அதற்கும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் அப்படி ஒரு நாள் வந்தால் மாட்டை மேய விடாதே, பாலை ஊற்றாதே, இத்தனை நாளைக்கு என்று எங்கள் சொசைட்டிக்கு யார் சொல்வார்கள், எந்த வழியாகச் சொல்வார்கள்? நான் கேட்ட யாருக்கும் பதில் தெரியவில்லை. இதை உங்கள் நிருபர்கள் அதிகாரிகளிடம் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

அடுத்த ஏப்ரலில் அந்த ராட்டினத்துக்குப் பதிலாகப் பால், புல், எட்டு நாள், முப்பது வருடம் என்று இதை ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். வெட்டி எடுத்து எங்கள் சொசைட்டிச் சுவரில், பால் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பால் உற்பத்தியாளர்,
ஊத்துக்குளி