காந்தம் எந்தத் திசையில் என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் மாணவர் பக்கத்தில், துருவப் பகுதி இரவு வானில் வண்ணமாகத் தோன்றும் துருவ ஒளி பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘சூரியனிலிருந்து வேகமாக வரும் துகள்கள் துருவங்கள் வழியே நுழைந்து, காற்றில் மோதி ஒளிர்கின்றன’ என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். நடுவில் பெரிய படி ஒன்று விட்டுப்போயிற்று. காரைக்குடி செக்காலைப் பக்கம் மோட்டார் காயில் கட்டிப் பிழைக்கிறவன் நான். காந்தத்தைத் தாண்டிப்போனால் எனக்கு உறுத்தும்.

கணக்கைப் பாருங்கள். சூரியன் ஓயாமல் வீசும் துகள் ஓட்டத்துக்குச் சூரியக் காற்று என்று பெயர். அதில் வரும் எலெக்ட்ரானின் ஆற்றல் சுமார் 10 எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு இது). துருவ ஒளியைக் கொளுத்தும் எலெக்ட்ரான்களுக்கோ 1,000 முதல் 10,000 வரை இருக்கும். சூரியனிலிருந்து கொண்டுவராத ஆற்றல் இங்கே எப்படி ஏறியது? காந்தப்புலம் கொடுத்தது.

ஓடுகிற காயிலின் இணைப்பைச் சட்டென்று துண்டித்தால் சுவிட்சில் பொறி பறக்கும். புலத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் வெளியேற வழி தேடுவதுதான் அது. விண்வெளியில் சுவிட்ச் கிடையாது. அங்கே அந்த வேலையைக் காந்த மறுஇணைப்பு செய்கிறது. பூமியின் பகல் பக்க விளிம்பில் நம் காந்தப்புலம் வடக்கு நோக்கி இருக்கிறது. சூரியக் காற்று சுமந்துவரும் புலம் தெற்கு நோக்கி இருந்தால் இரண்டும் எதிரெதிராக நெருக்குண்டு, மெல்லிய ஓரிடத்தில் புலக்கோடுகள் அறுந்து மாறிச் சேர்கின்றன. 1961இல் ஜேம்ஸ் டஞ்சி என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இதைச் சொன்னார். சேர்ந்த கோடுகளைச் சூரியக் காற்று இரவுப் பக்கம் இழுத்துப்போய் நீண்ட வாலாக்குகிறது. ஆற்றல் அங்கே குவிகிறது. வாலின் நடுவிலும் எதிர்த்திசைப் புலங்கள் நெருங்கி மறுபடி இணையும்போது, கூர்மையாக வளைந்த புதுக்கோடுகள் விறைத்து நிமிர்கின்றன. பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களின் கூட்டம், நொடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் பூமியை நோக்கி வீசப்படுகிறது.

துகள்களுக்கு ஆற்றல் ஏற வழிகள் பல. இணையும் இடத்தில் பிறக்கும் மின்புலம் சிலவற்றை நேராகவே முடுக்கும். வேறு சில, சுருங்கிவரும் காந்த வளையங்களுக்குள் மாட்டிக்கொண்டு இரு முனைகளிலும் திரும்பித் திரும்பி ஓடி, ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் வேகம் கூட்டிக்கொள்ளும். இயற்பியலாளர் ஜேம்ஸ் டிரேக்கும் அவருடைய குழுவினரும் 2006இல் விளக்கிய வழி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். துருவ ஒளிக்கான கடைசித் தள்ளல் பூமிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நடக்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய மின்னோட்டமும் அலைகளும் வாலிலிருந்தே வருகின்றன.

இதெல்லாம் காகிதக் கணக்கு மட்டும் என்று யாரும் தள்ளிவிட முடியாது. இந்த மறுஇணைப்பை ஆராயவென்றே நாசா 2015 மார்ச்சில் அனுப்பிய எம்எம்எஸ் விண்கலங்கள் நான்கும், 30 மில்லிநொடிக்கு ஒருமுறை எலெக்ட்ரான்களை அளப்பவை. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று, பகல் பக்க விளிம்பில் கோடுகள் அறுந்து சேரும் இடத்துக்குள்ளேயே புகுந்து அளந்துவிட்டன.

2024 மே மாதச் சூரியப் புயலின்போது லடாக்கின் ஹன்லேயில் துருவ ஒளியால் வானம் சிவந்ததை உங்கள் நாளிதழும் படத்தோடு போட்டது. அந்த வாரம் போர்வெல் மோட்டார் கருகிப்போன ஒருவர் சூரியன்மேல் பழிபோட்டுக்கொண்டே என் கடைக்கு வந்தார். பிரித்துப் பார்த்தால் மூன்று ஃபேஸில் இரண்டின் காயில் மட்டும் கரி. ஒரு ஃபேஸ் போனபின்பும் மோட்டார் ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்! 1989 மார்ச்சில் சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் 9 மணி நேரம் இருண்டதே, அது துருவத்துக்கு அருகே நெடுந்தூரம் ஓடும் மின்தடங்களுக்கு வந்த வினை. எங்கள் ஊர்க் கிணற்று மோட்டாருக்கு அந்தக் கவலை வேண்டாம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ‘சூரியப் புயல் பூமியை நோக்கி வருகிறது’ என்று செய்தி போடும்போது, அதன் வேகத்தோடு, அது கொண்டுவரும் காந்தப்புலம் வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்றும் ஒரு வரி சேருங்கள். புலம் வடக்கு நோக்கியே இருந்துவிட்டால், வேகமான புயல்கூடப் பெரிய சேதமின்றிக் கடந்துபோகும். தெற்கு நோக்கி வெகுநேரம் நின்றால்தான் பகல் பக்கக் கதவு திறந்தே கிடக்கும். புயல் பக்கத்தில் வந்துசேரும்வரை இந்தத் திசை சரியாகத் தெரியாது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் நம் ஆதித்யா-எல்1 கலத்தில் அதை அளக்கும் காந்தமானி இருக்கிறது. உங்கள் செய்தியாளர் இஸ்ரோவிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் வாசகர்,
செக்காலை, காரைக்குடி.